கல்யாணிக்கு மூன்று சுழி

பல்லேகலைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் இருந்தபோதுதான் பரீதா ராத்தாவின் போன் வந்தது. ஆஸ்பத்திரியில் கல்யாணி மிஸ்ஸின் பிசியோதெரபி அறையில் உதவிக்கு நிற்பவர் அவர்.

"புள்ள, நம்ம மிஸ் மௌத்தாகிட்டாங்க. நெஞ்சு வலிக்குதுன்னு படுத்தவங்க எழும்பவே இல்ல."

மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இறுகிக்கொண்டன. காதுக்கு முன்னால் அந்தப் பழைய இடத்தில் சுருக்கென்றது. மிஸ் பக்கத்தில் இருந்திருந்தால் கன்னத்தில் ஒரு விரலால் தட்டி, "பல்லப் பிரி தங்கச்சி" என்றிருப்பார்.

அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் எழுத்தில் மட்டும் நான் பிழை விடமாட்டேன். அது மிஸ் தந்தது.

நான் தையல் ஃபேக்டரியில் மெஷினில் இருப்பவள். சாப்பிடும்போது தாடையில் கடக் கடக் என்று சத்தம் வரும். காது வலி என்று காதுக்கு மருந்து விட்டார்கள். பல் வலி என்று இரண்டு நல்ல பல்லைப் பிடுங்கினார்கள். வலி போகவில்லையே என்று பிடுங்கியவரிடமே திரும்பப் போனேன். "அப்போ அடுத்ததையும் எடுப்பமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. ஒரு நாள் காலையில் வாய் திறக்கவே இல்லை. ஒரு விரல்தான் நுழைந்தது. சோறு போகாமல் கஞ்சி குடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன். "ஒன் புருஷன் குடுத்து வச்சவன், வாயே தொறக்காத பொண்டாட்டி" என்றான் சூப்பர்வைசர். லைன் முழுக்கச் சிரித்தது. பொம்பளைகளும்தான்.

கடைசியில் ஆஸ்பத்திரியில் மிஸ்ஸிடம் அனுப்பினார்கள். போன முதல் நாள் என் வாயில் வெற்றிலை வாடை. பக்கத்தில் நின்ற ஒருத்தி மூக்கைப் பொத்தி, "சீ, வெத்தில வாய்" என்றாள். மிஸ் கையுறையைப் போட்டுக்கொண்டே, "வாய் அவங்களுது, மூக்கு ஒங்களுது. வெளிய போய் மூச்சு விட்டுட்டு வாங்க" என்று அவளை அனுப்பினார். பிறகு என் கன்னத்தின் உள்பக்கம் விரலை விட்டு, கல்லாய் இறுகியிருந்த சதையை மெதுவாக அழுத்தினார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

"இது பல்லும் இல்ல, காதும் இல்ல. முழங்கால் மாதிரி இதுவும் ஒரு மூட்டு. எதுக்கு இப்புடிப் பல்லக் கடிக்கிற?"

"எல்லாரும் பல்லக் கடிச்சுக்கிட்டு இரு, இருன்னுதானே சொல்றாங்க மிஸ்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "சொன்னத அப்புடியே செஞ்சிருக்கியே! ஒன்ன மாதிரி சொல்பேச்சு கேக்குற ஆள நான் பாத்ததே இல்ல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "பல்லு சோறு திங்கத்தான். கோவத்துக்கு வாய் இருக்கு" என்றார். வெற்றிலையையும் விடச் சொன்னார். "வாடைக்காக இல்ல தங்கச்சி. மூட்டுக்கு ஓய்வு வேணும்."

வீட்டில் செய்வதற்கு ஒரு அச்சடித்த கடதாசி தந்தார்கள். ‘ண’ என்று சொல்லும்போது நாக்கு இருக்கும் இடத்திலேயே அதை வைத்து, வாயை மெதுவாகத் திறக்கவும் என்று அதில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் காதைத் திருகி நாக்கை மடிக்கச் சொல்லித் தந்த அதே ண. இரண்டு வாரம் நாக்கை மடித்து மடித்துத் திறந்தேன். வலி நெற்றிப் பொட்டு வரை ஏறியது.

மிஸ் என் வாய்க்குள் எட்டிப் பார்த்தார். கடதாசியை வாங்கிப் படித்தார். முகம் கறுத்துவிட்டது.

"நான் எழுதிக் குடுத்தது ரெண்டு சுழி. அச்சடிச்சவங்க ஒரு சுழிய கூடப் போட்டுட்டாங்க. மூணு சுழிக்கு நாக்கு மடங்கிப் பின்னால போயிரும். ரெண்டு சுழிக்கு முன்பல்லுக்குக் கொஞ்சம் பின்னால, மேல ஒட்டும். ‘ன்’னு சொல்லு. சத்தத்த நிப்பாட்டு. நாக்க அங்கேயே வச்சுக்க. ஒதடு மூடி, பல்லு தொடாம."

அன்றைக்கே எல்லாக் கடதாசியிலும் பேனாவால் ஒரு சுழியை வெட்டினார். சுவரில் அதே வரியோடு தொங்கிய பலகையிலும் வெட்டினார். பொறுப்பதிகாரி ஓடிவந்தார். அவரும் தமிழ்தான். "அரசாங்கச் சாமான்ல கிறுக்குறீங்களா? ஒரு சுழிதானே மிஸ், யாரு பாக்கப் போறா?" நாங்கள் நாலைந்து பேர் தாடையைப் பிடித்துக்கொண்டு அவர் முன்னால்தான் உட்கார்ந்திருந்தோம். எங்களைப் பார்த்துக்கொண்டே கேட்டார். மிஸ்ஸிடம் விளக்கக் கடிதம் வாங்கினார்கள். பலகையைத் துடைத்துப் பழையபடி மாட்டினார்கள். மிஸ் கடிதமும் எழுதினார். வருகிற ஒவ்வொருவருக்கும் கடதாசியைத் திருத்தியும் கொடுத்தார்.

செத்த வீடு புசல்லாவையில், அவர் தம்பி வீட்டில். நானும் பரீதா ராத்தாவும் போனோம். மிஸ் வேலை செய்த ஆஸ்பத்திரி ஆட்கள் வாசலில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். மிஸ்ஸின் படம். கீழே பெரிய எழுத்தில் ‘கல்யானி’. அதே பொறுப்பதிகாரி மைக்கைப் பிடித்து, "அன்னார் எங்கள் குடும்பத்தில் ஒருவர்" என்று கண்ணைத் துடைத்தார். கண் காய்ந்துதான் கிடந்தது.

ராத்தா என் கையைப் பிடித்தார். "வாணாம் புள்ள, மௌத்து வீடு. பல்லக் கடிச்சிட்டு இரி."

கடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்போதுதான் அது எனக்கே தெரிந்தது. பல்லைப் பிரித்தேன். எழும்பினேன்.

"ஐயா, கல்யாணிக்கு மூணு சுழி."

"என்னம்மா?"

"பேரு பிழை. வேண்டாத எடத்துல ஒரு சுழியப் போட்டு எங்க வாயக் கெடுத்தீங்க. வேண்டிய எடத்துல எடுத்துட்டு அவங்க பேரக் கெடுக்குறீங்க."

"செத்த வீட்டுல எழுத்தப் பாக்கக் கூடாதும்மா" என்று சிரித்தார். பல் பிடுங்கியவரின் சிரிப்பும் அதுவும் ஒன்றுதான்.

வாணாம் என்று சொன்ன ராத்தாதான் எங்கேயோ போய் ஒரு தடித்த கறுப்புப் பேனாவோடு வந்தார். கதிரையையும் அவரே பிடித்துக்கொண்டார். நான் ஏறி அந்தச் சுழியைப் போட்டேன். என் எழுத்து கோணல்தான். ஆனாலும் மிஸ் தன் பெயரோடு போனார்.

இப்போது என் வாய் மூன்று விரல் அளவு திறக்கிறது. மெஷினில் குனியும்போது உதடு மூடி, பல் தொடாமல், நாக்கை ரெண்டு சுழியில் வைத்துக்கொள்கிறேன். மிஸ்ஸிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். அந்தக் கறுப்புப் பேனாவையும் ராத்தா திருப்பிக் கேட்கவில்லை. சுவரில் அந்தப் பலகை இன்னும் பிழையோடு தொங்குகிறதாம். அடுத்த கிளினிக் நாளில் பேனாவோடு போவேன்.