மூணு மணிக்காரர்

இது உத்தமனுக்கு நடந்தது. கனவில் அல்ல, நடுராத்திரியில் அல்ல. பட்டப்பகலில், பெங்களூர் நீலசந்திராவில், கீழே ஆட்டோ ஹாரன் ஓயாத ஒரு சந்தில். உத்தமன் இன்றும் இதே ஊரில்தான் வேலை செய்கிறான். நேரில் கேட்டால் சொல்வான். மத்தியானம் மூன்று மணிக்கு மட்டும் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் அவன் வெயிலில் போய் நின்றுகொள்வான். யாரோடும் பேசமாட்டான்.

போன வருஷம் நவம்பர் மாதம். நாட்றம்பள்ளியிலிருந்து வந்த உத்தமனுக்கு, மளிகைச் சாமான்களை வீட்டுக்கே அனுப்பும் ஒரு கம்பெனியின் குடோனில் வேலை கிடைத்தது. இரவு ஒன்பது மணி முதல் காலை ஆறு மணி வரை. மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் செய்வார்கள். வயது முப்பத்தொன்று. ஏற்கெனவே இரண்டு வேலை கை நழுவிப் போயிருந்தது. இதுவும் போனால் ஊரில் மாமனார் முகத்தில் விழிக்க முடியாது.

தங்க இடம் சுலபமாகக் கிடைத்தது. மூன்றாவது மாடியில், மொட்டை மாடியை ஒட்டி, சிமென்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை. ஒரு ஜன்னல், ஒரு ஃபேன், தரையில் இரண்டு பேர் படுக்கும் அகலத்தில் ஒரு மெத்தை. ரங்கா என்பவர் அங்கே ஏற்கெனவே இருந்தார். ஸ்ரீராம்புரத்துக்காரர், நாற்பத்தைந்து வயது, வழுக்கைத் தலை. காலை ஆறு மணிக்கு ஹோட்டல் வேலைக்குப் போனால் இரவு பத்தரைக்குத்தான் வருவார். ஆளுக்கொரு சாவி. ராத்திரி மெத்தை ரங்காவுக்கு, பகலில் உத்தமனுக்கு. ஞாயிற்றுக்கிழமை தவிர ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை.

முதல் பத்து நாள் உத்தமனுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை. காலை ஏழரைக்கு வந்து படுப்பான். கண் எரியும், உடம்பு கெஞ்சும், தூக்கம் மட்டும் வராது. குக்கர் விசில், காய்கறி வண்டிக்காரரின் மைக், ஷீட்டின் மேல் நடக்கும் காக்கை. ராத்திரி குடோனில் நின்றால் கால் தானாக மடங்கும். ஒருநாள் விடியற்காலை நாலு பத்துக்கு, தள்ளுவண்டியை இழுத்தபடியே தூங்கிப்போனான். வண்டி அலமாரியில் மோதியது. எண்ணெய் பாக்கெட்டுகள் சரிந்து உடைந்தன.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துப்பேன்" என்றார் சூப்பர்வைசர்.

கூட வேலை செய்த வெங்கிதான் வழி சொல்லிக்கொடுத்தான். அவன் இரவு வேலையில் ஆறு வருஷம் பழுத்தவன்.

"ராத்திரி மூணு மணிக்கு மேல டீ குடிக்காத. காலைல பஸ்ல கறுப்புக் கண்ணாடி போட்டுக்க, வெயில் கண்ணுல பட்டா மூளை முழிச்சுக்கும். ரூமுக்குப் போனதும் குளிச்சிடு. ஜன்னல்ல கறுப்புத் துணி அடி. லீவு நாள்லகூட பகல்ல தூங்கு, மாத்தாத. ரெண்டு வாரத்துல உடம்பு பழகிடும்."

உத்தமன் ஒன்றையும் விடாமல் செய்தான். ஜன்னலுக்கு இரட்டை மடிப்பாகக் கறுப்புத் துணி ஆணியடித்தான். கதவிடுக்கில் பழைய வேட்டியைச் செருகினான். பகலிலும் கையை நீட்டினால் கை தெரியாத இருட்டு. பன்னிரண்டாம் நாள், படுத்ததும் தூங்கிவிட்டான். சந்தோஷத்தில் அன்று மனைவி ஜானகிக்கு போன் செய்து அதைத்தான் முதலில் சொன்னான்.

பதினாலாம் நாள் ஒரு சத்தம் கேட்டு விழிப்பு வந்தது.

டப்... டப்...

கதவுக்கு வெளியே யாரோ செருப்பைக் கழற்றிவிடும் சத்தம். போனைப் பார்த்தான். 3.05. எழுந்து கதவைத் திறந்தான். மாடியில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவன் செருப்பு மட்டும் கிடந்தது.

மறுநாளும் அதே சத்தம். 3.05.

அதற்கு மறுநாளும்.

உடம்பு புதுப் பழக்கத்துக்கு வருகிறது, அதனால்தான் ஒரே நேரத்தில் விழிக்கிறது என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டான். ஆனால் அன்று விளக்கைப் போட்டபோது பக்கத்துத் தலையணையில் ஒரு குழி இருந்தது. அது ரங்காவின் தலையணை. குனிந்து பார்த்தான். தேங்காய் எண்ணெய் வாசனை. ரங்காவின் தலையில் முடியே கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் சந்துமுனைக் கடையில் டீ குடித்தார்கள். ரங்கா கொஞ்சம் தயங்கிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"உத்தமா, தப்பா எடுத்துக்காத. டூட்டிக்கு லேட்டா போறியா?"

"இல்லியேண்ணா. ஏன்?"

"நான் பத்தரைக்கு வந்து படுத்தா மெத்தை சூடா இருக்குது. அப்பத்தான் எந்திரிச்சுப் போன மாதிரி."

"நாலு மணிக்கே நான் கெளம்பிடறேண்ணா. ஈஜிபுராவுல வெங்கி ரூம்ல சாப்ட்டுட்டு அப்படியே டூட்டிக்குப் போயிடுவேன்."

ரங்கா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"சும்மா வெளையாடாத குரு. வியாழக்கெழமை நீ லீவுதான?"

"இல்ல."

"நான் வந்தப்போ செவத்தைப் பாத்துப் படுத்திருந்தியே? தலையோட போர்த்திக்கினு? நைட்டு வேலைக்காரன், பாவம், எழுப்பக்கூடாதுன்னு லைட்டுகூட போடாம பக்கத்துல படுத்தேன்பா."

"அண்ணா... வியாழக்கெழமை ராத்திரி முழுக்க நான் குடோன்ல இருந்தேன்."

ரங்கா அன்றைக்கே தன் துணிமணியை எடுத்துக்கொண்டு ஸ்ரீராம்புரத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டார்.

உத்தமனுக்குப் போக இடமில்லை. வெங்கியின் அறையில் ஐந்து பேர். பகலெல்லாம் டிவி ஓடும். இப்போதுதான் தூக்கம் படிந்திருக்கிறது. அதைக் கலைத்தால் வேலை போய்விடும். யோசித்து ஒரு முடிவுக்கு வந்தான். எது வந்தாலும் மூன்று மணிக்குத்தானே வருகிறது? இரண்டரைக்கு அலாரம் வைத்து எழுந்து வெளியே போய்விட்டால் போயிற்று.

திங்கள், செவ்வாய், புதன். அலாரம் அடித்தது, எழுந்து போனான். ஒன்றும் நடக்கவில்லை.

வியாழக்கிழமை காலை அவன் வந்தபோது கரண்ட் இல்லை. போனில் பதினோரு சதவீதம்தான் சார்ஜ் இருந்தது. கரண்ட் வந்ததும் ஏறட்டும் என்று சார்ஜரில் செருகிவிட்டுப் படுத்தான்.

விழித்தபோது இருட்டு.

ஃபேன் ஓடவில்லை. கரண்ட் வரவேயில்லை. கையால் துழாவி போனை எடுத்து அழுத்தினான். செத்துப் போயிருந்தது.

மணி என்ன?

பதினொன்றாக இருக்கலாம். ஒன்றாக இருக்கலாம். மூச்சை அடக்கிக்கொண்டு காது கொடுத்துக் கேட்டான். தெருவில் பிள்ளைகளின் கூச்சல். ஸ்கூல் வேன் ஒன்று ரிவர்ஸ் எடுக்கும் பீப் பீப் சத்தம்.

சந்துக்குள் ஸ்கூல் வேன் வருவது மூன்று மணிக்கு.

எழுந்திரு... எழுந்திருடா... என்று மனசு அடித்துக்கொண்டது. உடம்பு அசையவில்லை.

டப்...

டப்...

கதவு திறக்கவில்லை. திறந்திருந்தால் வெளிச்சம் வந்திருக்கும். வேட்டி செருகிய கதவு, திறந்தால் உரசும் சத்தமாவது கேட்டிருக்கும். எதுவும் இல்லை.

ஆனால் அறைக்குள் காலடி.

வெறும் கால். அசதியில் தேய்த்துத் தேய்த்து நடக்கும் கால். நாள் முழுக்க நின்றே வேலை செய்தவனின் நடை. உத்தமனுக்கு அந்த நடை நன்றாகத் தெரியும். அவன் நடையே அதுதான்.

நாலு அடி.

நின்றது.

மெத்தையின் மறுபக்கம் மெல்ல அமுங்கியது.

தேங்காய் எண்ணெய் வாசனை.

ஒரு நீளமான பெருமூச்சு...

பிறகு, அவன் முதுகில் ஒரு முதுகு வந்து ஒட்டியது.

சூடாக இருந்தது.

உத்தமன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

இருட்டில் ஒரு குரல். தூக்கக் கலக்கத்தில் குழறும் ஆண் குரல். கோபம் இல்லை. மிரட்டல் இல்லை.

"தம்பி... பத்து மணிக்கு என்னைக் கொஞ்சம் எழுப்பிவுடறியா?"

...

"எல்லாருமே வுட்டுட்டுப் போயிடறாங்கப்பா..."

எப்படி எழுந்தான், எப்படிக் கதவைத் திறந்தான் என்பது உத்தமனுக்கு ஞாபகம் இல்லை. வெறுங்காலோடு மூன்று மாடி இறங்கி நடுத்தெருவில் வந்து நின்றான். சட்டைகூட இல்லை. டிசம்பர் வெயில் முகத்தில் அடித்தது.

வாசலில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர் குளோரியா அக்கா. இருபது வருஷமாக அந்தச் சந்தில் இருப்பவர். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு வண்டியில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று இருபது.

"மூணு மணிக்கு மேலயும் அங்கயேவா இருந்த?" என்றார்.

இஸ்திரி போட்டு வைத்திருந்த யாருடைய சட்டையையோ எடுத்து அவன் தோளில் போர்த்திவிட்டார்.

அன்று ராத்திரி அவன் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் சூப்பர்வைசரிடம் போய் நின்று, பகல் வேலை கொடுங்கள், சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்றான். அவர் திட்டினார். திட்டிவிட்டு, பகலில் வண்டியில் சாமான் ஏற்றும் வேலைக்கு மாற்றிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, வெங்கியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனான். ரங்காவும் வந்திருந்தார். அறையில் எதுவும் மாறியிருக்கவில்லை. மெத்தையை மூவரில் யாரும் தொடவில்லை.

கீழே இறங்கி வந்ததும் குளோரியா அக்கா அவர்களை உட்காரச் சொன்னார்.

"ரங்காவும் நீயும் வர்றதுக்கு முன்னாடி மேல மூணு பேரு இருந்தாங்க. மூணு பேருக்கும் வேற வேற ஷிஃப்ட்டு. ராத்திரி ஒருத்தரு தூங்குவாரு, காலைல ஒருத்தரு, மூணு மணியிலருந்து பத்து மணி வரைக்கும் ஒருத்தரு. பேரு யாருக்கும் தெரியாது. மூணு மணிக்காரருன்னுதான் சொல்லுவோம். பேக்கரில ராத்திரி வேலை. பாவம், யாரு வம்புக்கும் போகாத ஆளு."

"என்னாச்சு அவருக்கு?" என்று வெங்கிதான் கேட்டான்.

"ஒரு செவ்வாக்கெழமை தூக்கத்துலயே போயிட்டாரு. ராத்திரிக்காரரு வந்து பாத்தாரு, போர்த்திக்கினு படுத்திருந்தாரு. லீவு போட்டுட்டாரு போலன்னு பக்கத்துல படுத்துத் தூங்கி, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சுப் போயிட்டாரு. காலைல வர்றவரும் அதே மாதிரி பக்கத்துல படுத்துத் தூங்கிட்டுப் போயிட்டாரு. ஒருத்தரும் எழுப்பலை. புதன்கெழமை ராத்திரிதான் விஷயம் தெரிஞ்சுது."

ரங்கா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கூட படுத்தவங்களுக்குத் தெரியாம போகுமா அக்கா?"

குளோரியா அக்கா இஸ்திரிப் பெட்டியின் கரியைக் கிளறிவிட்டார்.

"போலீசும் அதைத்தான் கேட்டாங்க. செவ்வாக்கெழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கே உசுரு போயிடுச்சுன்னு டாக்டர் எழுதிக் குடுத்துட்டாரு. ஆனா கூட படுத்த ரெண்டு பேரும் தனித்தனியா ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. என் காதால கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"'நான் போய்ப் படுத்தப்போ, அவரு பொரண்டு, செவத்தோரமா தள்ளிப் படுத்து, எனக்கு எடம் வுட்டாரு'ன்னு சொன்னாங்க."