மஞ்சள் பூசிய டப்பா

பாகூர் ஏரிக்கரையில் நான் கட்டிவைத்த முதல் இரண்டு கருவிகளையும் யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். எதற்கு? உள்ளே இருந்த மூன்று பென்சில் பேட்டரிக்கு! வந்த ஆத்திரத்தில் அன்று கடையைக்கூடத் திறக்கவில்லை.

கடை என்றால் செல்போன் பழுது பார்க்கும் கடை. அதோடு, ஏரிக்கு வரும் பறவைகளைக் கணக்கெடுக்கும் சிறு குழுவிலும் இருந்தேன். விடியற்காலையில் பறவைச் சத்தத்தைத் தானாகவே பதிவுசெய்யும் கருவி ஒன்றின் வரைபடத்தை, யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்துகொள்ளுங்கள் என்று யாரோ புண்ணியவான்கள் இணையத்தில் இலவசமாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்து நானே பாகங்களைப் பற்றவைத்து, ஒரு சாப்பாட்டு டப்பாவுக்குள் அடைத்தேன். என் கையால் செய்தது என்று தலைகால் புரியாத பெருமை.

மூன்றாவது கருவியைக் கட்டும்போதுதான் அந்த யோசனை வந்தது. டப்பாவுக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தேன். கரையோர வேப்பமரத்தில், மஞ்சள் துணி சுற்றிக் கட்டினேன். சத்தம் உள்ளே போகத் துணியில் சின்னதாக ஒரு ஓட்டை. இனி எவன் கை வைப்பான்? "மூளைடா உனக்கு" என்று குழுவில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

யாரும் தொடவில்லை. பத்து நாளில் மரத்தடியில் சூடம் எரிந்த கறுப்பும் இரண்டு எலுமிச்சம்பழமும் கிடந்தன. அதற்கும் சிரித்தேன்.

தை மாதத்தில் சிரிப்பு நின்றது. கருவியிலிருந்து எடுத்துவந்த மெமரி கார்டைக் கடையில் உட்கார்ந்து ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன். நாமக்கோழிகளின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண்குரல், டப்பாவுக்கு வெகு அருகில்.

"தாயே, மாருல கட்டி ஒண்ணு இருக்குது. வலிக்கல, ஆனா பெருசாயிகினே போவுது. வூட்ல யார்கிட்டயும் சொல்லல. வைகாசில பொண்ணுக்குக் கல்யாணம். அதுவரைக்கும் இத அப்படியே நிறுத்தி வையி தாயே. உன்னத் தவிர யாருக்கும் தெரியக் கூடாது."

குரல் யாருடையது என்று உடனே தெரிந்தது. மாட்டுக்குப் புல் அறுக்க விடியும்போதே கரைக்கு வருகிற அக்கா. மாதம் ஒருமுறை தன் பட்டன் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்து, "இன்னா தம்பி, இது பேசவே மாட்டேங்குது" என்று என்னோடு சண்டை பிடிப்பவர்.

மார்பில் கட்டி என்றால் என்னவாக இருக்கலாம் என்று எனக்குத் தெரியாதா? பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினால் அரை மணி நேரம்கூட ஆகாது. அன்றே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாரே! டப்பாவுக்குச் சாமி வேஷம் போட்டுப் பெண்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டவன் என்று ஊரே செருப்பால் அடிக்குமே! அந்தப் பயம்தான். வேறு என்ன காரணம் சொன்னாலும் அது பொய்.

அதற்குப் பதில் என்ன செய்தேன் தெரியுமா? குழுவுக்கு அனுப்பும் முன் அவர் பேசிய பகுதியை மட்டும் வெட்டி எடுத்தேன். மனிதக் குரல் வந்தால் வெட்டிவிடுவது எங்கள் வழக்கம். பட்டியலில் அந்த நேரத்துக்கு எதிரே 'இடையூறு' என்று எழுதினேன். எழுதியது இந்தக் கைதான்.

ஒருநாள் சார்ஜர் வாங்க வந்தார். "உடம்பு எப்படிக்கா இருக்குது?" என்று மெல்ல ஆரம்பித்தேன். "எனக்கு இன்னா, குத்துக்கல்லாட்டம் இருக்கறேன்" என்றார். சார்ஜரை எடுத்துக் கொடுத்துக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டேன்.

வாரத்துக்கு ஒரு கார்டு, கார்டுக்கு ஒரு இடையூறு. மாசியில் கட்டி கொட்டைப்பாக்கு அளவு என்று தாயிடம் சொன்னார். பங்குனியில் எலுமிச்சை அளவு என்றார். பறவைகள் திரும்பிப் போனதும் டப்பாவைக் கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இனிமேல் கேட்க வேண்டாம் அல்லவா, அந்த நிம்மதி!

கல்யாணம் நடந்தது. நானும் போய்ப் பந்தியில் உட்கார்ந்து வெட்கமில்லாமல் சாப்பிட்டேன். ஆனியில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்றும், நோய் முற்றிவிட்டது என்றும் கடைக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்துவிட்டார் என்று தெரிந்ததும் பார்க்கப் போனேன். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். பாதியாக இளைத்திருந்தார்.

"ஏரிக்கரை வேப்பமரத்துல ஒரு தாயி இருந்தா தம்பி. அவகிட்டதான் சொல்லிகினு இருந்தேன். என் பேச்சு அவ காதுல வுழலியோ இன்னாவோ, நடுவுல மரத்த வுட்டே போய்ட்டா. நான் இன்னா தப்பு பண்ணேனோ."

அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. மஞ்சள், குங்குமம், டப்பா, கார்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அழுதேன்.

அவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்போ நான் சொன்னதெல்லாம் நீ கேட்டியா?"

"கேட்டேன்க்கா."

"மொத நாள்லேந்தா?"

"மொத நாள்லேந்து."

கத்தித் திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். திட்டவில்லை.

"சாமி காதுல வுழலன்னு மனச தேத்திகினு இருந்தேன் தம்பி. உன் காதுல நல்லாதான் வுழுந்திருக்குது."

பிறகு, அவரைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த மகளைக் கூப்பிட்டு எனக்குக் காபி போடச் சொன்னார். கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்தேன்.