சம்பந்திகள் சுட்டுக்கொண்ட நாள்

வெள்ளிமலை போகிற சாலையோரம் இருந்த அந்தப் பெயிண்ட்பால் மைதானத்தில், சுற்றிக் கட்டிய வலைக்கு உள்ளே நாள் முழுக்க நிற்கிற ஒரே ஆள் சாமியம்மாள்தான். மற்றவர்கள் துப்பாக்கியோடு போவார்கள், மேலே பெயிண்ட் அப்பிக்கொண்டு வெளியே வருவார்கள். அவள் மட்டும் சேலைக்கு மேல் ஆரஞ்சுச் சட்டையும் கழுத்தில் விசிலுமாக நடுவில் நிற்பாள். சட்டையின் முதுகில் ‘மார்ஷல்’ என்று எழுதியிருந்தது. அது என்ன உத்தியோகம் என்று ஊரில் கேட்டவர்களுக்கு அவள் புருஷன் இருசப்பன்தான் விளக்கம் சொன்னான்.

“சண்டை போடறவங்களுக்கு நடுவுல நிக்கற வேல. வூட்ல சும்மா செஞ்சிக்கினு இருந்தா. இப்ப சட்ட குடுத்திருக்காங்க.”

அதற்கு முன்னால் அவள் நூறு நாள் வேலையில் பொறுப்பாளராக இருந்தவள். வெட்டிய குழி அரை அடி குறைந்தாலும் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் வெட்டிட்டுக் கூப்டுங்க” என்று போய்விடுவாள். சொந்த நாத்தனாரின் குழியையும் அப்படித்தான் அளந்தாள். நாத்தனார் ஒரு வருஷம் பேசவில்லை. அந்த ஒரு வருஷம் நிம்மதியாக இருந்ததாகச் சாமியம்மாள் சொல்வாள்.

கள்ளக்குறிச்சியிலிருந்து வந்து மைதானம் போட்ட சக்கரவர்த்தி இந்தக் கதையைக் கேள்விப்பட்டுத்தான் அவளைக் கூப்பிட்டார். மூன்று மாதத்தில் அவள் தொழிலைப் பிடித்துக்கொண்டாள். துப்பாக்கியில் போட்டுச் சுடுகிற பெயிண்ட் உருண்டை என்பது மாத்திரைக்கூடு மாதிரி மெல்லிய தோல். மலைப்பனி ஏறினால் ஊதிப்போய்க் குழலுக்குள்ளேயே வெடித்துவிடும். அவள் அதை மூடி இறுகிய தகர டப்பாவில், ஒரு முடிச்சு அரிசியோடு போட்டு வைத்தாள். உருண்டை எல்லாமே ரோஸ் கலர். அதற்கும் காரணம் இருந்தது. கீழே இட ஒதுக்கீட்டுப் போராட்டம் சூடு பிடித்திருந்த நேரம். முதலில் வாங்கிய கலர்களில் எதை எடுத்தாலும் அது யாரோ ஒருவருடைய கொடியில் இருந்தது. “அந்தக் கலரு எம்மேல படக் கூடாது” என்று ஒருவர் சட்டையைக் கழற்றி எறிந்த பிறகு, எந்தக் கட்சியும் தொடாத கலரைச் சக்கரவர்த்தி தேடிப் பிடித்தார்.

எல்லாம் சரி, மலைக்காரப் பொம்பளை விசில் ஊதினால் கீழ்நாட்டு ஆட்கள் கேட்பார்களா என்ற சந்தேகம் மட்டும் அவருக்குத் தீரவே இல்லை. சேலத்தில் இதே தொழில் பார்த்த பிரவீன்குமார் என்பவனை வரவழைத்திருந்தார். பூட்ஸ், கூலிங் கிளாஸ், இங்கிலீஷ். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு போன் வந்ததுமே சொல்லிவிட்டார்.

“சாமியம்மா, இன்னிக்கு வர்றது பெரிய பார்ட்டி. புதுச் சம்பந்திங்க. சண்ட சச்சரவு இல்லாம ஆட்டம் முடிஞ்சா நீதான் மார்ஷல். ஏதாச்சும் ஏடாகூடமாச்சு, விசிலு பிரவீனுக்கு. நீ மாஸ்க் கழுவற வேலையப் பாத்துக்க.”

“சரிங்க சார்” என்றாள். விசிலை ஒரு முறை சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள்.

பதினோரு மணிக்கு இரண்டு வேன் வந்தது. மணலூர்பேட்டை கரும்பு விவசாயி கண்ணாயிரம், அவர் மகள் அபிநயா, மகன் சுபாஷ். இது பெண் வீடு. மூங்கில்துறைப்பட்டிலிருந்து தங்கதுரை, அவர் மகள் வளர்மதி, மகன் வெற்றிசெல்வன். இது மாப்பிள்ளை வீடு. கல்யாணம் முடிந்து பன்னிரண்டு நாள். அருவி பார்த்துவிட்டுத் திரும்பும்போது அடிவாரத்தில் மறியல் என்று போன் வந்திருக்கிறது. மூன்று மணிக்கு மேல்தான் வண்டி விடுவார்களாம். அதுவரை என்ன செய்வது என்று இங்கே போன் போட்டுவிட்டு வண்டியைத் திருப்பிவிட்டார்கள். ஆறு பேர் ஆட, மீதிப் பேர் புளிசாதத் தூக்கோடு வலைக்கு வெளியே உட்கார்ந்தார்கள்.

ஆறு பேரையும் வரிசையில் நிறுத்திச் சாமியம்மாள் சொன்னாள்: “மாஸ்க்க உள்ள கழட்டவே கூடாது. மூச்சு முட்டுதா, கண்ணாடியில ஆவி படியுதா, கைய தூக்குங்க, நான் வெளிய இட்டாறேன். கொரோனா மாஸ்க் மாரி தாடைக்கு எறக்கி வுட்டுக்கினு பேசற கத இங்க ஆவாது. உருண்ட கண்ணுல பட்டா கண்ணு இல்ல. மேல பட்டு ஒடஞ்சா ‘அவுட்டு’ன்னு நீங்களே சொல்லிட்டுக் கைய தூக்கிக்கினு வந்துடணும். யாரும் பாக்கலியேன்னு தொடைக்கக் கூடாது. பத்தடிக்குள்ள ஆளு மாட்டுனா சுடாம ‘சரண்டர்’னு கேளுங்க. வெளிய வந்தா குழலுக்கு உறை. எதிராளி நட்ட கொடிய புடுங்கினு வந்தா ஜெயிச்சீங்க.”

“வலிக்குமா?” என்றாள் அபிநயா.

“புளியங்கா எறிஞ்ச மாரி இருக்கும், பாப்பா.”

அதற்குள் பிரவீன்குமார் முன்னால் வந்து, “ஒன், டூ, ஒன், டூ” என்று எண்ணி ஆட்களைப் பிரித்துவிட்டான். அவனுக்குச் சேலத்தில் அதுதான் வழக்கம். அப்பன்மார் இரண்டு பேரும் அபிநயாவும் ஒரு பக்கம். மாப்பிள்ளை, அவர் அக்கா வளர்மதி, மச்சான் சுபாஷ் மறுபக்கம்.

விசில் ஊதியதும் சாமியம்மாள் ஒரு வினோதத்தைப் பார்த்தாள். எல்லாரும் டயர் அடுக்குக்குப் பின்னால் பதுங்க, மாப்பிள்ளை மட்டும் தேர் பார்க்கப் போகிறவர் மாதிரி நடு மைதானத்தில் நிமிர்ந்து நடந்தார். சுடுவாரில்லை. மாமனாருக்குக் கை வரவில்லை. பெற்ற அப்பனுக்கு, பன்னிரண்டு நாள் மாப்பிள்ளையைச் சம்பந்தி முன்னால் சுட மனசில்லை. மாமனார் பக்கத்தில் நிற்கும்போது அபிநயா புருஷன் மேல் துப்பாக்கி நீட்டுவாளா? வெற்றிசெல்வனோ தன்னுடைய வேகத்தைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் நடை இன்னும் நிமிர்ந்தது.

சுபாஷுக்கு மட்டும் விரல் அரித்தது. டயருக்கு மேல் எட்டிப் பார்த்த ஒரு வயிற்றைக் குறிவைத்துச் சுட்டுவிட்டான். அது தங்கதுரையின் வயிறு. வெள்ளைச் சட்டையில் ரோஸ் கலர் தாம்பாளம் அகலத்துக்கு வழிந்தது.

தங்கதுரை குனிந்து பார்த்தார். தோள் துண்டை எடுத்துத் துடைத்தார். அசையாமல் நின்றார்.

“ஐயா, அவுட்டு” என்றாள் சாமியம்மாள்.

“இன்னாம்மா அவுட்டு? பொண்ணு குடுத்த வூட்டுப் பையன் சம்பந்தி வயித்துல சுடுவான், நான் கைய தூக்கிக்கினு போவணுமா?”

“தொடச்சிட்டீங்களே மாமா! ரூல்ஸ்ல இல்ல” என்று கத்தினான் சுபாஷ்.

“ஏய், வாய மூட்றா!” கண்ணாயிரம் பதறிப்போய்த் துப்பாக்கியைக் கீழே போட்டார். “சம்பந்தி, சின்னப் பையன், தெரியாம...” என்று மன்னிப்புக் கேட்க மாஸ்க்கைத் தூக்கினார்.

விசில் அலறியது. சாமியம்மாள் ஓடிவந்து இரண்டு கையாலும் அந்த மாஸ்க்கை அவர் முகத்தில் அமுக்கினாள். “போடுங்க! மன்னிப்பெல்லாம் வெளிய போயி கேட்டுக்கலாம், கண்ணு மறுபடி மொளைக்காது!”

வலைக்கு வெளியே புளிசாதத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார்கள். “பெரியவரு மூஞ்சிய புடிச்சி அமுக்கறா பாரு” என்று ஒரு குரல். “கல்யாணத்தன்னிக்குப் பந்தியிலயும் எங்களக் கடைசியிலதான ஒக்கார வச்சீங்க” என்று வளர்மதி பழைய கணக்கை எடுத்தாள். “ரெண்டாம் பந்தி கடைசியா?” என்று சுபாஷ் அதற்குப் பதில் எடுத்தான். கோபித்துக்கொண்டு வண்டி ஏறலாமென்றால் கீழே வழி இல்லை. மறியல் முடிய இன்னும் மூன்று மணி நேரம். அத்தனை நேரமும் முகத்தை முகம் பார்த்து உட்கார வேண்டும்.

சக்கரவர்த்தி சாமியம்மாளைக் கையசைத்துக் கூப்பிட்டார். “விசில கழட்டிப் பிரவீன்கிட்ட குடு.”

பிரவீன்குமார் கையை நீட்டினான். சாமியம்மாள் விசிலைத் தொட்டாள், கழற்றவில்லை.

“சார், ஆள இப்டிப் பிரிச்சா யாரு ஊதினாலும் இதான் நடக்கும். இன்னும் ஒரே ஒரு ஆட்டம் குடுங்க. நான் பிரிக்கறேன். அப்பவும் சண்ட வந்துச்சின்னா நானே கழட்டிக் குடுத்துட்டு மாஸ்க் கழுவப் போறேன்.”

“சேலத்துல எல்லாம்...” என்று பிரவீன்குமார் ஆரம்பித்தான்.

“சேலத்துல உன் மாமனார நீ சுட்டிருக்கியா?”

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆவல.”

“அதான் தம்பி” என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

ஆறு பேரும் ஆறு திசை பார்த்து நின்றார்கள். சாமியம்மாள் கேட்டாள்: “மாரியம்மன் திருவிழா கடசி நாள்ல ஒங்க ஊர்ல மஞ்சத்தண்ணி ஊத்துவீங்களா?”

“ஊத்தாம?” என்றார் கண்ணாயிரம்.

“யாரு யாரு மேல ஊத்துவீங்க?”

“மொற இருக்கறவங்க மேலதான். மாமன், மச்சான், அத்த மொவ...”

“மாமனாரு மேல மருமவ ஊத்துவாளா?”

“அடச் சீ.”

“அவ்ளோதான். இதுவும் மஞ்சத்தண்ணின்னு நெனச்சிக்குங்க, கலருதான் ரோஸு. ஊத்தற மொற இருக்கறவங்க எதிரும் புதிருமா நில்லுங்க. மரியாத குடுக்க வேண்டியவங்க ஒரே பக்கம்.” அவள் கையைப் பிடித்து இழுக்காத குறையாக நகர்த்தினாள். “மாப்ளயும் அக்காவும் இங்க. பாப்பாவும் தம்பியும் அங்க. பெரியவங்க ரெண்டு பேரும் எடம் மாறுங்க. மாமனாரு மாப்ள பக்கம். அந்த ஐயா மருமவ பக்கம்.”

தங்கதுரை யோசித்தார். “அப்ப எம் புள்ளைங்களே என்னைச் சுடுமே.”

“சொந்தப் புள்ள சுட்டா வூட்டோட போச்சி. பஞ்சாயத்துக்கா போவப் போறீங்க?”

முதலில் சிரித்தது வலைக்கு வெளியே இருந்த பெண்கள்தான். “புருஷன் பொண்டாட்டி எதிரெதிரா?” என்று ஒருத்தி கேட்டாள். “அதுக்குத்தான கட்டி வச்சது” என்றாள் இன்னொருத்தி.

விசில் ஊதினாள். அந்த ஆட்டம் வேறு ஆட்டமாக இருந்தது. கைகட்டி நின்றவர்களுக்கெல்லாம் கை வந்துவிட்டது. “மாமா, வாங்க, ஒங்களுக்காகத்தான் காத்துக்கினு கெடக்கறேன்” என்று சுபாஷ் குரல் கொடுக்க, வெற்றிசெல்வன் கல்யாணத்துக்குப் பிறகு முதன்முதலாகக் குனிந்து ஓடினார். வளர்மதி டயரைச் சுற்றி வந்து அபிநயாவின் முதுகுக்குப் பின்னால் நின்று, “சரண்டராவு” என்றாள்.

“ஒங்ககிட்ட கல்யாணத்தன்னிக்கே ஆயிட்டேனே அண்ணி” என்று கையைத் தூக்கினாள் அபிநயா. ஆனால் தூக்குவதற்கு ஒரு நொடி முன்னால் அவள் ஒரு வேலை செய்திருந்தாள். மரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்த புருஷனின் தோள்பட்டையில் ஒரு உருண்டை உடைந்து, காதோரம் ரோஸ் கலர் சொட்டிக்கொண்டிருந்தது.

வெற்றிசெல்வன் இப்படியும் அப்படியும் பார்த்தார். புறங்கையால் ஒரு துடைப்பு. மறுபடி துப்பாக்கியை நீட்டினார்.

சாமியம்மாள் பார்த்துவிட்டாள். வலைக்கு வெளியிலிருந்து சக்கரவர்த்தியும் பார்த்துவிட்டார். ‘விட்டுடு, புது மாப்பிள்ளை’ என்று அவர் கண்ணாலும் கையாலும் கெஞ்சினார். அதை விட்டால் வேலை நிலைக்கும். ஊதினால் முதல் ஆட்டக் கதைதான் மறுபடி. அவளுக்கு என்னவோ அந்த நேரத்தில் அரை அடி குறைந்த குழி ஞாபகம்தான் வந்தது.

ஊதினாள். “மாப்ள, அவுட்டு. வெளிய வாங்க.”

“எங்க பட்டுச்சி? இது பழசு.”

“பழசு காஞ்சிருக்கும். இது ஒழுவுது.”

கண்ணாயிரம் தலையைக் குனிந்துகொண்டார். அப்போது எதிர்ப்பக்கத்து டயருக்குப் பின்னாலிருந்து, மருமகள் அவுட்டானதில் ஏற்கெனவே வயிறெரிந்துகொண்டிருந்த தங்கதுரை எழுந்து நின்று கத்தினார்.

“டேய், பட்டுச்சிடா! நான் பாத்தேன்! என் மருமவ எவ்ளோ கரெக்டா சுட்டிருக்கா, தொடைக்கறியே, வெக்கமா இல்ல? போடா வெளிய!”

“நீ தொடச்சப்போ?” என்றார் வெற்றிசெல்வன்.

“அது போன ஆட்டம்!”

சிரிப்பு உள்ளேயும் வெளியேயும் ஒன்றாக வெடித்தது. வெற்றிசெல்வனும் சிரித்துவிட்டார். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, “அவுட்டு, அவுட்டு” என்று தானே சொல்லிக்கொண்டு வெளியே போனார். அபிநயா குழலுக்கு உறை மாட்டி அவருக்கும் ஒன்று நீட்டினாள்.

நின்றிருந்த தங்கதுரைக்கு அந்த நேரத்தில்தான் தொடையில் ஒரு உருண்டை பட்டது. சுட்டவர் கண்ணாயிரம்.

“யோவ் சம்பந்தி!”

“மொற இருக்குதே சம்பந்தி” என்றார் கண்ணாயிரம். ஊரையே கூப்பிட்டுச் செய்த கல்யாணத்திலும் அவர் முகத்தில் இவ்வளவு சந்தோஷம் இல்லை. தங்கதுரை இந்த முறை துண்டைத் தேடவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். நடந்துகொண்டே, “அடுத்த ஆட்டத்துல பாத்துக்கறேன்” என்றார்.

அடுத்த ஆட்டம் நடந்தது. அதற்கடுத்ததும் நடந்தது. மூன்றேகாலுக்கு மறியல் முடிந்து வழி விட்டாயிற்று என்று டிரைவர் வந்து சொன்னபோது கண்ணாயிரம் எரிந்து விழுந்தார்.

“அதுக்குள்ள இன்னாத்துக்கு வுட்டாங்க?”

சக்கரவர்த்தி பாராட்டு எதுவும் சொல்லவில்லை. அவர் அந்த ரகம் இல்லை. காலி டப்பாவைப் பார்த்தார், வேர்த்து வழிந்த ஆறு மாஸ்க்குகளைப் பார்த்தார். பிறகு, “பிரவீனு, அந்த மாஸ்க்கெல்லாம் எடுத்தாந்து கழுவு” என்றார்.

பிரவீன்குமார் கூலிங் கிளாஸைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு வாளியோடு உட்கார்ந்தான். சாமியம்மாள் சும்மா போகவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

“கண்ணாடிய நகம் படாம தொடை தம்பி. கீறல் வுழுந்தா ஆளுக்குக் கண்ணு தெரியாது, டயருல முட்டிக்குவான்.” அவன் தலையாட்டினான். அவள் ஒரு மாஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். திருப்பி வாளியில் போட்டாள்.

“இன்னொருவாட்டிக் கழுவு.”