உருளிக்குள் ஒரு குட்டி மலை

போன வாரம் மடியில் பாயசம் காய்ச்சும் ஒரு வெண்கல உருளியை வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போனேன். சிரிக்காதீர்கள். மானப் பிரச்சினை.

எங்கள் கோட்டைத் தெருவில் கல்யாணம் என்றால் சீருக்கு உருளி வாங்க சாலை பஜாருக்கு என்னைத்தான் அழைத்துப் போவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவள்தான் — நான் சொல்லச் சொல்ல மருமகள்தான் இதை எழுதுகிறாள் — ஆனால் வெண்கலத்தை விரலால் தட்டினால் போதும், ஜாதகமே சொல்லிவிடுவேன். நல்ல உருளி கோவில் மணி மாதிரி இழுத்துப் பாடும். கீறல் இருந்தால் 'டொக்'.

எதிர்வீட்டுக் கோமதியின் மகள் கல்யாணத்துக்கும் அப்படித்தான் தட்டினேன். ஆனால்... மணியும் கேட்கவில்லை, டொக்கும் கேட்கவில்லை. காது கொஞ்ச நாளாகவே அப்படி. யாரிடமும் சொல்லவில்லை. கோமதியும் கடைக்கார அண்ணாச்சியும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். என்ன செய்ய? தலையை ஆட்டிவிட்டேன்.

கஞ்சித் தண்ணீர் ஊற்றிப் பழக்கித் தருகிறேன் என்று உருளியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அதன்பிறகு சோறு இறங்கவில்லை. புகுந்த வீட்டில் அந்தப் பெண் வைக்கும் முதல் பாயசம் அடுப்பில் ஒழுகினால்?

அப்போதுதான் ஒரு நாள் காலையில் மருமகள் பேப்பரை உரக்கப் படித்தாள். மனுஷக் காதுக்கு எட்டாத ஒரு சத்தம் இருக்கிறதாம். வயிற்றுப் பிள்ளையைப் பார்ப்பதும், கடலில் மீன் கூட்டத்தைத் தேடுவதும், இரும்புக்குள் கீறல் பிடிப்பதும் அதை வைத்துத்தானாம். ஆராய்ச்சிக்கூடத்தில் அன்று பொதுமக்களுக்கு அனுமதி.

யாருக்குமே கேட்காத சத்தம்! எனக்காகவே கண்டுபிடித்த மாதிரி இல்லை? கோவில் பாயசத்துக்கு என்று மருமகளிடம் சொல்லிவிட்டு உருளியோடு கிளம்பினேன்.

அங்கே பீனா என்று ஒரு மலையாளப் பெண். உருளியைப் பார்த்து மிரளவில்லை. அதன்மேல் எண்ணெய் தடவினாள் — இடையில் காற்று இருந்தால் சத்தம் உள்ளே போகாதாம். தீப்பெட்டி அளவு கருவி ஒன்றை அதில் வைத்ததும், டிவி மாதிரிப் பெட்டியில் பச்சைக் கோடு ஓடியது. இரண்டு மலைகள்.

"அம்மே, இந்த மலை சத்தம் உள்ளே போறது. அந்த மலை, மறுபக்கம் முட்டித் திரும்பி வர்றது. நடுவுல ஒண்ணும் வரக் கூடாது, கேட்டோ."

சத்தத்தைக் கண்ணால் பார்க்கிறேன்! இன்னும் நகர்த்து, இன்னும் நகர்த்து என்று அவளைப் பாடாய்ப் படுத்தினேன். கைப்பிடிப் பக்கம் வந்தபோது... நடுவில் ஒரு குட்டி மலை எழும்பியது.

பீனா அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டாள். அங்கேதான் கீறல்.

உருளியோடு நேராக சாலை பஜாருக்குப் போனேன். அன்றைக்கு எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று அண்ணாச்சியிடம் ஒப்புக்கொண்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எனக்கு டொக்குன்னுதான் கேட்டுச்சு, மாமி. கோமதி மாமியும் என்னயப் பாத்தாவ. ஆனா நீங்களே தலையாட்டிட்டியளே... எங் காதுலதான் கோளாறுன்னு டாக்டர்ட்டல்லா போயிட்டு வந்தேன்."

வேறு உருளி எடுத்தார். இந்த முறை அவர் தட்டினார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன். சத்தத்தைக் கண்ணால் பார்க்கத்தான் இப்போது எனக்குத் தெரியுமே!

இதை எழுதிக்கொண்டே மருமகள் என்னவோ சொல்கிறாள். சரியாகக் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு குட்டி மலை தெரிகிறது.