கோவைக்குச் சுமந்து வந்த உப்புத் தண்ணீர்

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கோவை வண்டி ஏறினேன். மடியில் ஒரு பிஸ்கட் டின். அதற்குள் எங்கள் பட்டறையில் கடைந்த பித்தளை நாசில்கள், கழுவாமல், எண்ணெய்ப் பிசுக்கோடு பாலிதீன் பையில் கட்டி வைத்திருந்தேன். கேஸ் அடுப்பின் பர்னருக்குள் போகிற பொருள். சுண்டுவிரல் நுனி அளவுதான் இருக்கும். நடுவில் ஊசி நுழைகிற துளை. அந்தத் துளைக்குள் எண்ணெயும் பித்தளைத் தூளும் தங்கிவிடுகிறது என்று வாங்குகிற கம்பெனி இரண்டு முறை சரக்கைத் திருப்பிவிட்டது. இன்னொரு முறை திரும்பினால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள்.

இத்தனை வருடமாக மண்ணெண்ணெயில் கையால் அலசித்தான் அனுப்பினோம். இனி அது செல்லாது. சோப்புக் கரைசலைச் சூடாக்கி, அதற்குள் காதுக்குக் கேட்காத அதிர்வைச் செலுத்தும் தொட்டிகள் இருக்கின்றன. பொருளைக் கூடையோடு முக்கினால் நுண்குமிழிகள் வெடித்து, பிரஷ் போகாத இடத்து அழுக்கையும் கிளப்பிவிடும். அல்ட்ராசானிக் தொட்டி என்பார்கள். அதை வாங்கத்தான் இந்தப் பயணம்.

பட்டறையை நானும் கலாவும் சேர்ந்து தொடங்கினோம். எந்த மெஷின் வாங்கப் போனாலும் இருவராகத்தான் போவோம். நான் மெஷினைப் பார்ப்பேன், அவள் விற்பவரின் முகத்தைப் பார்ப்பாள். போன சித்திரையில் தன் பங்கை என் பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மகனோடு இருக்க பெங்களூரு போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. முழங்கால் வலி, கைக்குழந்தையாகப் பேரன், வேலைக்குப் போகும் மருமகள். எல்லாமே நியாயமான காரணங்கள். அதனால் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை.

திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம், பல்லடம் என்று இருநூறு கிலோமீட்டருக்கு மேல். தாராபுரம் தாண்டியதும் காற்றாலைகள். பக்கத்து இருக்கையில் தாராபுரம் வரை ஒருவர் தூங்கிக்கொண்டு வந்தார். அதன்பிறகு அந்த இடத்தில் டின்னை வைத்துக்கொண்டேன். சிங்காநல்லூரில் இறங்கும்போது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. டவுன் பஸ்ஸில் காந்திபுரம், அங்கிருந்து இன்னொன்றில் கணபதி.

கணபதியில் வீட்டுக்கும் பட்டறைக்கும் சுவர் ஒன்றுதான். துணி காயும் மாடிக்குக் கீழே லேத் ஓடுகிறது. குக்கர் விசிலும் கிரைண்டிங் சத்தமும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. நான் தேடிப்போன கம்பெனியின் உரிமையாளர் சிவக்குமாருக்கு நாற்பது வயது இருக்கலாம். வாசலுக்கே வந்து வரவேற்றார்.

"வாங்க மேடம், வாங்க. சார் வண்டிய நிறுத்தீட்டு வர்றாருங்களா?"

"சார்னு யாரும் இல்லைங்க. நான் மட்டும்தான்."

"செரிங்க, செரிங்க. வீடியோ எடுத்து அனுப்பிச்சுப்போடுங்க. சார் பாத்துப்போட்டுச் சொல்லட்டும்."

டின்னைத் திறந்தேன். அவர் தன்னுடைய மாதிரிப் பொருட்களைக் கழுவிக் காட்டத் தயாராக வைத்திருந்தார். "இதைக் கழுவிக் காட்டுங்க" என்றேன். சற்றுத் தயங்கி, பிறகு கூடையில் கொட்டினார். தொட்டி ஓடத் தொடங்கியதும் எண்ணெய்ச் சட்டியில் கடுகு பொரிவது போல ஒரு சன்னமான இரைச்சல். அழுக்கு கரும்புகையாகக் கிளம்பியது. பிறகு பக்கத்துத் தொட்டியில் அலசி, சூடான காற்றில் காயவைத்தார்கள். நாசில்கள் புதுத் தாலிக்காசு போல மின்னின. வெள்ளைத் தாளை மெல்லியதாக முறுக்கித் துளைக்குள் விட்டு எடுத்தேன். தாள் வெள்ளையாகவே வந்தது.

எனக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். இனிப்பாக இருந்தது. "நம்மூரு நல்ல தண்ணிங்க. இதுக்காவவே பொண்ணு குடுப்பாங்க" என்று சிரித்தார் சிவக்குமார். அறுபது லிட்டர் சோப்புத் தொட்டி, கூடவே ஓர் அலசும் தொட்டி, இதுதான் உங்களுக்குச் சரி என்றார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. முன்பணம் கொடுக்கப் பையைக்கூடத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. நல்ல மனிதர் என்றும் தோன்றியது, அவசரப்படுத்துகிறார் என்றும் தோன்றியது. "தினமும் ஓடுற இடத்துல ஒண்ணைப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். யோசிக்காமல் வெள்ளகோவிலில் ஒரு முகவரி கொடுத்தார்.

காந்திபுரத்தில் லாட்ஜ் வாடகை தொள்ளாயிரத்து ஐம்பது. சாயங்காலம் கலாவுக்குப் போன் செய்தேன். பின்னால் பேரன் அழுதுகொண்டிருந்தான். "உனக்குத் தெரியாததாடி? பாத்து வாங்கு" என்றாள். நான் பதில் சொல்வதற்குள் குழந்தையிடம் பேசப் போய்விட்டாள். கீழே மெஸ்ஸில் தேங்காய்ப்பால் ஊற்றி, இடியாப்பம் போன்ற சந்தகை சாப்பிட்டேன். பாதியில் ஒருவர் வந்து, "ஏனுங்க, இந்தச் சேருக்கு ஆள் வருதுங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். எதிர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார். மேசைக்கு அந்தப் பக்கம் சுவர்தான் இருந்தது.

செவ்வாய் காலை சிங்காநல்லூரிலிருந்து கரூர் வண்டி. காங்கயம் வரும்போது சாலையோரக் களங்களில் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. அந்த வாசனை வெள்ளகோவில் வரை சேலையில் ஒட்டிக்கொண்டு வந்தது. இருபுறமும் கிளுவை வேலி கட்டிய மேய்ச்சல் காடுகள். மழை பார்த்து ரொம்ப நாளான மண்.

முத்தூர் சாலையில் தோட்டத்தை ஒட்டி நீளமான ஷெட். விசைத்தறிகளுக்குப் பித்தளை உதிரிகள் செய்கிறார்கள். உரிமையாளர் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சப் போயிருந்தார். அவர் மனைவி பூங்கொடி, என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கையில் ஒட்டிய எண்ணெயைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"டேங்கு பாக்கோணுமா? அவரு வந்துருவாருங்க, உக்காருங்க."

"மெஷினை ஓட்டுறது யாருங்க?"

"நாந்தானுங்க."

"அப்ப நீங்களே காட்டுங்க. உங்ககிட்டதான் கேட்கணும்."

அவர் துடைத்த துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு "வாங்கம்மணி" என்று உள்ளே கூட்டிப் போனார்.

கணபதியில் பார்த்த அதே தொட்டி, அதே அளவு. துளைகளில் தாளை விட்டுப் பார்த்தேன், வெள்ளையாகத்தான் வந்தது. ஆனால் ஷெட்டின் கடைசியில் இரண்டு பெண்கள் உட்கார்ந்து, கழுவி முடித்த பித்தளைகளை ஒவ்வொன்றாகத் துணியால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றை எடுத்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு போல மேலெல்லாம் வெள்ளைப் புள்ளிகள்.

"காஞ்சா இப்படித்தானுங்க ஆயிருது. டேங்கு வந்தும் தொடைக்கற வேல போகுல" என்றார் பூங்கொடி.

"கம்பெனியில சொல்லலையா?"

"அவுங்க போனு எங்க ஊட்டுக்காரருக்குத்தானுங்க வரும். நல்லா ஓடுதுங்கன்னு சொல்லிப்போடுவாரு. அவுரு இங்கெங்க வந்து பாக்கறாரு? எங்கிட்ட ஆரும் கேக்குலீங்க."

அலசும் தொட்டித் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கில் வைத்தேன். உப்பு. போர் தண்ணீர். எங்கள் பட்டறைத் தண்ணீரும் இப்படித்தான் கரிக்கும், அங்கே டீ போடும் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு கட்டியிருக்கும். நேற்று என் நாசில்களை மின்னவைத்தது தொட்டி மட்டுமில்லை, அந்த ஊர் நல்ல தண்ணீரும்தான். அதை மதுரைக்கு யார் அனுப்பப்போகிறார்கள்? நேற்றே பணம் கொடுத்திருந்தால், மூன்றாவது முறையும் சரக்கு புள்ளியோடு திரும்பியிருக்கும்.

"எனக்கு இந்தத் தண்ணி ஒரு கேன் வேணுங்க" என்றேன்.

"உப்புத் தண்ணிய எதுக்குங்கம்மணி?" என்று கேட்டவர், காரணத்தைச் சொன்னதும் வாயில் கை வைத்துக்கொண்டார். சாப்பிடாமல் விடவில்லை. கொள்ளுப் பருப்பும் சோறும் போட்டு, எதிரே உட்கார்ந்து, தொட்டியின் சூடு, சோப்பின் அளவு, கூடையை எவ்வளவு நிரப்பலாம் என்று தனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னார். கேட்க ஆள் கிடைத்த வேகம் அது. எனக்கும் பேச ஆள் கிடைத்திருந்தது. ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு வந்து பஸ் நிலையத்தில் விட்டார். வண்டி கிளம்பும்வரை போகவில்லை.

கண்டக்டர் கேனைத் தட்டிப் பார்த்தார். "என்னுங்க இது?"

"தண்ணிங்க."

"கோயமுத்தூருக்கா தண்ணி கொண்டு போறீங்க?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாகக் கேட்டார். நாலைந்து பேர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை காலை கேனைச் சிவக்குமாரின் மேசைமேல் வைத்தேன். என் நாசில்களைக் கழுவி, பாதியை அவர் தண்ணீரிலும் பாதியை இந்தத் தண்ணீரிலும் அலசச் சொன்னேன். "சோதனை பண்ணுனதுதானுங்களே மேடம்" என்று முணுமுணுத்தாலும் செய்தார். காய்ந்ததும் இரண்டு தட்டுகளையும் பக்கம் பக்கமாக வைத்தோம். வெள்ளகோவில் தண்ணீர்த் தட்டில் மட்டும் வெள்ளைப் புள்ளிகள் இருந்ததைப் பார்த்து, ஒன்றை எடுத்து நகத்தால் சுரண்டினார்.

"வெள்ளகோவில்ல இதச் சொல்லவே இல்லீங்களே."

"சொல்ல வேண்டியவங்ககிட்ட நீங்க பேசலைங்க. மெஷின் பக்கம் நிக்கிறது அந்த அம்மாதான்." பூங்கொடியின் எண்ணைக் கொடுத்தேன். என் எதிரிலேயே கூப்பிட்டு, "அடுத்த வாரம் நானே வாரனுங்க அக்கா" என்றார். இந்த மனிதரிடம் வாங்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

பிறகு தாளில் புதிதாக வரைந்தோம். என் பொருள் சிறியது, அறுபது லிட்டர் வேண்டாம், நாற்பது போதும். அதில் மிச்சமாகும் பணத்துக்கு மூன்றாவதாக ஒரு சின்னத் தொட்டி. அதில் உப்பு நீக்கிய தண்ணீரில் கடைசி முக்கு, பிறகு சூடான காற்று. முன்பணம் கட்டிக் கையெழுத்துப் போட்டேன். முன்பெல்லாம் எந்தத் தாளிலும் இரண்டு கையெழுத்து இருக்கும். பேனாவை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

திரும்பும் வண்டியில் பக்கத்தில் ஒட்டன்சத்திரம் போகும் ஓர் அம்மாள். எதற்கு வந்தாய் என்று கேட்டார். "சாமான் கழுவுற தொட்டி வாங்க வந்தேன்."

"ஒரு தொட்டிக்கா மூணு நாளு?" என்றார். நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர், பூங்கொடி, எல்லாவற்றையும் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணை மூடிவிட்டார்.

அடுத்த நாள் ஆட்கள் வருவதற்கு முன்பே போய்ப் பட்டறையைத் திறந்தேன். குழாயைத் திறந்து, சுத்தமான ஒரு பித்தளைத் தகட்டில் எங்கள் தண்ணீரை ஒரு சொட்டு விட்டு, ஜன்னல் வெயிலில் வைத்தேன். பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். ஓரத்திலிருந்து மெல்லக் காய்ந்து, கடைசியில் வெள்ளையாக ஒரு வளையம் விழுந்தது.

"சரியாத்தான் வாங்கியிருக்கோம்" என்று வாய்விட்டுச் சொன்னேன். பிறகுதான், சொன்னது 'வாங்கியிருக்கோம்' என்று உறைத்தது. எழுந்து போய் லேத்தின் மெயின் சுவிட்சைப் போட்டேன்.