சாமுண்டி வீட்டுக் குளவி

சாமுண்டீஸ்வரிக்கு மண்ணூர்பேட்டையில் ஒரு பட்டப்பெயர் உண்டு: கொளவி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிட்டு அந்தத் தெருவில் நிம்மதியாகக் குடித்தனம் நடத்த முடியுமா? ஆனால் "கொளவி ஊட்டாண்ட நிறுத்துபா" என்றால் ஷேர் ஆட்டோக்காரர் சரியான வாசலில் நிறுத்திவிடுவார். இது அவளுக்கும் தெரியும். தெரிந்தும் அவள் சண்டைக்குப் போகவில்லை என்பதுதான் அதிசயம். அந்தப் பெயரை அவள் சும்மா வாங்கவில்லை. பாதி வாயால் வாங்கினாள், மீதி உடம்பால் வாங்கினாள். கொட்டுகிற ஜென்மம் எதுவானாலும் சுற்றியிருக்கிற அத்தனை பேரையும் தாண்டி வந்து அவளைத்தான் கொட்டும்.

அவள் அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறாள். அதாவது, தைத்து வருகிற சட்டைகளில் குற்றம் கண்டுபிடிப்பதற்கே சம்பளம். வீட்டிலும் அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்வாள். புருஷன் துலுக்கானம் லேத் பட்டறைக்காரர், வாயில்லாப் பூச்சி. இத்தனை வருஷத்தில் ஒரு குளவி கூட அவரை மதித்துக் கொட்டியதில்லை.

இப்போதைய விவகாரம், சமையலறையில் மிக்சி போடுகிற பிளக் பாயின்ட். அந்த ஓட்டைகளை அடைத்து ஒரு குளவி மண் கூடு கட்டியிருந்தது. வேறு சமயமாயிருந்தால் துடைப்பக் கட்டையால் ஒரே தட்டு. இந்த முறை சாமுண்டி கட்டையைத் தொடவில்லை. புருஷனையும் தொட விடவில்லை. சட்னிக்கும் மாவுக்கும் ஜாரைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு செலினிடம் போனாள்.

"ஒரு மண்ணு கூட்டுக்கு இன்னாக்கா இவ்ளோ மரியாத?" என்றாள் செலின்.

"ஊட்ல கொளவி கூடு கட்னா புள்ள பொறக்கும்டி. தெரியாதா உனுக்கு?"

"தெரியும். செம்மண்ணுல கட்னா பொண்ணு, களிமண்ணுல கட்னா பையன்னுவாங்க. இது ரோடு தோண்டிப் போட்ட சிமென்ட்டு மண்ணாச்சே?"

"அப்ப கான்ட்ராக்டரு பொறப்பான். நீ ஜார மூடு."

சிரித்தாளே ஒழிய, சாமுண்டிக்கு உள்ளுக்குள் ஒரு கவலை இருந்தது. பிறக்கப் போவது ஜோதிகாவின் பிள்ளை. ஆவடியில் கட்டிக்கொடுத்த பெண், நிறைமாதத்தை நெருங்கிவிட்டாள். வரும் ஞாயிற்றுக்கிழமை சீமந்தம். அது முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். எது தாய்வீடு என்பதுதான் கேள்வி. ஜோதிகா சாமுண்டி பெற்ற பெண் அல்ல. துலுக்கானத்தின் முதல் மனைவிக்குப் பிறந்தவள். செத்துப்போன அந்தப் பெண்ணின் அக்கா தாயம்மா திருமழிசையில் இருக்கிறாள், மாடி வீட்டோடு. "என் தங்கச்சி பொண்ணுக்கு மொதப் பிரசவம் என் ஊட்லதான்" என்று சொந்தத்தில் ஒருவர் விடாமல் சொல்லி வைத்திருந்தாள். ஜோதிகா இதுவரை வாய் திறந்து ஒன்றும் சொல்லவில்லை.

சாமுண்டி கேட்கவுமில்லை. ஊரையே நாக்கால் ஆட்டி வைக்கிறவளுக்கு அந்த ஒரு கேள்வி மட்டும் தொண்டையைத் தாண்டி வரவில்லை. "நீ என் ஊட்டுக்கு வருவியா?" என்று கேட்டு, அவள் ஒரு நொடி யோசித்துவிட்டால்? அந்த ஒரு நொடியைத் தாங்க அவளால் முடியாது.

அவர்கள் இருவருக்கும் பழக்கம் உண்டானதே ஒரு தேனீயால்தான். துலுக்கானத்துக்கும் சாமுண்டிக்கும் திருவேற்காடு கோயிலில் கல்யாணம். ஜோதிகாவுக்கு அப்போது ஐந்து வயது. இதே தாயம்மாவின் முந்தானைக்குள் புகுந்துகொண்டு, புதிதாக வந்தவளை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன் என்று அடம். தாலி ஏறி மாலை மாற்றும்போது மாலைக்குள் கிடந்த தேனீ சாமுண்டியின் மேலுதட்டில் போட்டது ஒரு போடு. போட்டோக்காரர் வருவதற்குள் உதடு பணியாரமாக உப்பிவிட்டது. கல்யாணப் பெண் கண்ணில் தண்ணீர் வழிய நிற்கிறாள். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் தூணைப் பார்க்கிறார்கள். அப்போது முந்தானைக்குள்ளிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது. பார்த்ததும் கெக்கேபிக்கே என்று ஒரு சிரிப்பு. அம்மா போன பிறகு அந்தக் குழந்தை அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று துலுக்கானம் பின்னால் சொன்னார். அந்தப் போட்டோவை சாமுண்டி இன்னமும் ஹாலில் மாட்டி வைத்திருக்கிறாள். அசிங்கமாயிருக்கிறது, கழற்றிவிடு என்று சொன்னவர்களெல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

அதற்காக, மறுநாளிலிருந்து இருவரும் கொஞ்சிக் குலாவினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். சாமுண்டிக்குக் கொஞ்சத் தெரியாது. திட்டத்தான் தெரியும். தலை வாரும்போது திட்டு, சோறு ஊட்டும்போது திட்டு, காய்ச்சலில் படுத்தால் காய்ச்சலுக்கும் சேர்த்துத் திட்டு. பெண் பதிலுக்கு முறைக்கும். "சித்தி" என்று கூப்பிடும், அதுவும் வேண்டியபோது மட்டும்.

நான்காவது படிக்கும்போது ஒரு நாள் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டி வருகிற வழி. எஸ்டேட் பக்கம் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் தேன்கூடு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. எவனோ புண்ணியவான் அதில் கல்லை விட்டான். கூட்டம் கலைந்து ஓடியது. சாமுண்டிக்கு ஓட நேரமில்லை. பெண்ணை இழுத்து மடியில் அமுக்கி, புடவையால் மூடிக்கொண்டு அப்படியே தரையில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். முதுகு, கழுத்து, பிடரி என்று ஓர் இடம் பாக்கியில்லை. ஆஸ்பத்திரியில் நர்சம்மா கொடுக்குகளைப் பிடுங்கிப் பிடுங்கி அலுத்துப்போனார். பெண்ணுக்குக் காதோரம் ஒன்றே ஒன்று. வீடு வரைக்கும் சாமுண்டி அந்த ஒன்றுக்காகத் திட்டிக்கொண்டே வந்தாள். "அமுக்கி வெச்சிகினு கீறேன், அப்பயும் காத வெளிய நீட்டிகினு இன்னாடி வேடிக்க உனுக்கு?"

அன்று சாயங்காலம் ஜோதிகா சுண்ணாம்பு டப்பாவை எடுத்து வந்து, குப்புறப் படுத்திருந்தவள் முதுகில் ஒவ்வொரு தடிப்பாகத் தேடித் தேடித் தடவினாள்.

"வலிக்குதா சித்தி?"

"வலிக்காம? தேனீ கொட்டிட்டு செத்துப்பூடும். நான் கொளவிடி. கொட்டு வாங்கினாலும் சாவ மாட்டேன்."

பெண் சிரித்தது. சாமுண்டி முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டாள். வலியில் என்று துலுக்கானம் நினைத்துக்கொண்டார்.

அவளுக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லை. வருஷா வருஷம் குளவி மட்டும் தவறாமல் வந்து கட்டியது. காலண்டருக்குப் பின்னால், பீரோ சாவித் துவாரத்தில், ஜன்னல் மூலையில். ஆரம்பத்தில் தொட்டுக் கும்பிடாத குறையாகக் காவல் காத்தாள். நாலைந்து வருஷம் ஏமாந்த பிறகு எரிச்சல் வந்து உடைக்கத் தொடங்கினாள். அப்படி உடைத்த ஒன்றுக்குள்ளிருந்து பச்சைப் பச்சையாகப் புழுக்கள் உதிர்ந்தன.

"கொளவி கூட்ல புழு எப்டி வந்துச்சி?" என்று கேட்டாள்.

"எங்க பட்டறைல ஜெயராமன் சொல்லுவான்," என்றார் துலுக்கானம். "கொளவி பெத்துக்காதாம். எங்கியோ கெடக்கற புழுவத் தூக்கியாந்து, உள்ள வெச்சிகினு, கொட்டிக்கினே கெடக்குமாம். கொட்டக் கொட்ட அந்தப் புழுவும் கொளவியா ஆயிடுமாம்."

"நல்லா ரீல் உடறான். அவனும் நம்பறான் பாரு, நீயும் நம்பற," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அன்றைக்கு அவள் வெங்காயம் எதுவும் உரிக்கவில்லை. ஆனாலும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்க்கரைப் பொங்கல், புளிச்சாதம், எலுமிச்சம்பழச் சாதம் என்று விடியற்காலையிலிருந்து அடுப்படியில் ஒரே அமர்க்களம். தேங்காயை செலின் வீட்டில் அரைத்துக்கொண்டு வந்தவள், கீழே உருண்ட ஜார் மூடியை எடுக்கக் குனிந்தாள். முகம் சரியாக பிளக் பாயின்டுக்கு நேராகப் போனது. கூட்டுக்கு வந்துகொண்டிருந்த குளவி, இத்தனை நாள் மிக்சியைத் தியாகம் செய்தவள் இவள்தான் என்று பார்க்குமா என்ன? அதே மேலுதடு. போட்டது ஒரு போடு.

செலின் ஓடிவந்து சுண்ணாம்பு வைத்தாள், ஐஸ் வைத்தாள். ஒன்றுக்கும் மசியவில்லை. வாடகை கார் வருவதற்குள் உதடு மூக்கைத் தொட்டுவிட்டது. வாயைத் திறந்தால் "ம்ப்பு", "ம்ப்பா" என்று காற்றுதான் வந்தது.

"அக்கா, இன்னிக்கி ஒரு நாள் பேசாத. பாத்துக்கினு மட்டும் வா," என்றாள் செலின்.

போயும் போயும் இன்றைக்கா? தாயம்மாவுக்குச் சொல்ல அவள் எத்தனை பதில் தயார் செய்து வைத்திருந்தாள்! தட்டு எடுக்கும்போது ஒன்று, வளையல் போடும்போது ஒன்று என்று வரிசைப்படுத்தியே வைத்திருந்தாள். எல்லாவற்றையும் விழுங்கிக்கொண்டு, முந்தானையால் வாயை மூடியபடி ஆவடிக்குப் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே தாயம்மா முன்னாலேயே வந்து, முதல் வரிசையில் பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை சந்தோஷின் அம்மா எல்லோரையும் உபசரித்தாள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் ஜோதிகாவுக்குச் சந்தனம் பூசி வளையல் போட்டார்கள். சாமுண்டி ஒரு தூணோரம் நின்றுகொண்டாள். பந்திக்கு இலை போடுகிற நேரம் பார்த்து தாயம்மா ஆரம்பித்தாள்.

"சம்மந்தி, சாப்ட்டதும் பொண்ண நான் இட்டுகினு போறேன். மேல தனி ரூமு, ஏசி, எல்லாம் ரெடியா கீது. பெத்தவ இல்லன்னா பெத்தவளோட அக்கா நான் கீறேன். தாய் ஊடுன்னா அதானே?"

தாயம்மா கெட்டவள் அல்ல. தங்கையை நினைத்து இன்றைக்கும் அழுகிறவள்தான். அதனால்தான் யாராலும் அவளை எதிர்த்துப் பேச முடிவதில்லை. சந்தோஷின் அம்மா துலுக்கானத்தைப் பார்த்தாள். துலுக்கானம் தரையைப் பார்த்தார். எல்லோரும் சாமுண்டியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். "ம்ப்பு..."

அவ்வளவுதான் வந்தது. அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக, பேச வேண்டிய இடத்தில் பேச்சில்லாமல் நின்றாள். கண் நிறைந்துவிட்டது.

மனையில் உட்கார்ந்திருந்த ஜோதிகா அப்போதுதான் சித்தியின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். ஒரு கணம் விழித்தாள். பிறகு இரண்டு கை வளையலும் குலுங்க, வயிற்றைப் பிடித்துக்கொண்டு கெக்கேபிக்கே என்று சிரித்தாள். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியம்மா பக்கம் திரும்பினாள்.

"பெரீம்மா, ஏசி ரூமுல கால நீட்டிகினு படுக்கறதுக்கு நான் இன்னா லாட்ஜுக்கா போறேன்? புள்ள பெத்துக்கப் போறேன். வேளாவேளைக்கி திட்டு உழலன்னா எனக்கு சோறு எறங்காது. ராத்திரி இருமினா 'இன்னாடி இருமற'ன்னு பக்கத்து ரூமுலேந்து ஒரு கொரலு வரணும். அந்த வசதி உங்க ஊட்ல கீதா? இல்லல்ல? அப்ப ஏசிய நீங்களே போட்டுகினு படுங்க. நான் சித்தி ஊட்டுக்குப் போறேன்."

தாயம்மாவின் முகம் சிவந்தது.

"இன்னாடி வாயி இது? என் தங்கச்சி எறும்புக்குக் கூட எதிர்ப் பேச்சு பேச மாட்டா. அவ வயித்துல பொறந்துட்டு யாராண்டடி கத்துக்கின இத்த? பேச்சு, முழி, கையி ஆட்றது... அப்டியே அந்தக் கொளவியேதான்டி நீ!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தாயம்மாவுக்கே உறைத்தது. சாமுண்டி தூணைப் பிடித்துக்கொண்டாள். முகத்துக்கு நேரே அந்தப் பெயரை அவள் கேட்டது அன்றைக்குத்தான். இதைவிட நல்ல வார்த்தையை யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவள் நேரே போய், தாயம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, தன் பக்கத்திலேயே இலையில் உட்கார வைத்தாள். பேச முடியாததால் சர்க்கரைப் பொங்கலை இரண்டு கரண்டி கூடவே போட்டாள். தாயம்மா இலையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு, "ஒதட்டுக்கு மஞ்சள் அரச்சிப் போடு," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டாள்.

திரும்பி வரும்போது காரில் பெண்கள் இருவரும் பின்னால், துலுக்கானம் முன்னால். அம்பத்தூர் தாண்டுகிற வரைக்கும் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் மெல்லத் தலையைத் திருப்பினார்.

"ஏ சாமுண்டி, அன்னிக்கி ஜெயராமன் சொன்னான்னு ஒண்ணு சொன்னேனே, புழு, கொளவின்னு..."

சாமுண்டி உதட்டைத் திறந்தாள். "ம்ப்பும்பு ம்ப்பா."

"இன்னா சொல்ற?"

ஜோதிகா சித்தியின் தோளில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தாள். மூடிய கண்ணைத் திறக்காமலே பதில் சொன்னாள்.

"கம்முனு வாய்யான்னு சொல்லுது நைனா."