அதே பெயர், அடுத்த வாசல்

ஆம்புலன்ஸ் ஓட்டுவதில் கஷ்டமான வேலை வேகமாகப் போவது இல்லை, சரியான வாசலில் போய் நிற்பதுதான். காரைக்காலில் ஒரு தர்ம வண்டியை ஓட்டுகிறேன். பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது கலா. நர்ஸ் படிப்பு படித்த பெண், வாயும் கொஞ்சம் ஜாஸ்தி. எங்கள் இருவருக்கும் பரம எதிரி டிராபிக் இல்லை, ஒரே பெயரில் இருக்கும் ஊர்களும் ஆட்களும்தான். உங்கள் தெருவிலும் உங்கள் பெயரில் இன்னொருவர் இருப்பார், அவருடைய கேஸ் சிலிண்டரை உங்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போயிருப்பார்கள். சிலிண்டரைத் திருப்பி அனுப்பிவிடலாம். எங்கள் சங்கதி அப்படியில்லை. தவறான வாசலில் நாங்கள் நிற்கும்போது இன்னொரு வாசலுக்குள் ஒருவர் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருப்பார்.

மாரியம்மன் கோயில் பின்னாடி

திருப்பூரிலிருந்து முருகேசன் என்று ஒருவர் போன் செய்தார். அம்மா ஊரில் தனியாக இருக்கிறார், சர்க்கரை நோயாளி, போனில் பேசிக்கொண்டிருந்தபோதே வாய் குழறி, பிறகு சத்தமே இல்லை. "கோவில்பத்து, மாரியம்மன் கோயில் பின்னாடி, பச்சை கேட்டு" என்றார். கோவில்பத்து எங்களுக்குக் கூப்பிடு தூரம். மாரியம்மன் கோயில் இருந்தது, பின்னால் பச்சை கேட்டும் இருந்தது. கலா பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினாள். அங்கே பனியனோடு ஒருவர் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா எங்கே என்று இவள் கேட்ட வேகத்தில், அவர் சுவரில் மாலை போட்டிருந்த படத்தைக் காட்டினார்.

போனில் முருகேசன், "உள்ள போயிட்டீங்களா, அம்மா பேசுறாங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாகை மாவட்டத்தில், தலைஞாயிறு பக்கம் இன்னொரு கோவில்பத்து இருக்கிறது. அங்கேயும் மாரியம்மன் இருப்பாள், பச்சை பெயின்ட் எங்கேயும் கிடைக்கும். அந்தப் பக்கத்து வண்டிக்குத் தகவல் சொல்லிவிட்டு, அக்கம்பக்கத்தில் யாரையாவது போனில் பிடித்து அம்மா வீட்டுக்கு அனுப்பும்படி முருகேசனிடம் சொன்னேன். அம்மா கண் விழித்துவிட்டார் என்று செய்தி வரும்வரை நாங்கள் வேறு யாரோ ஒருவர் வீட்டு வாசலிலேயே நின்றோம், கிளம்ப மனசு வரவில்லை. செய்தி சொன்ன முருகேசனிடம், ஊரைத் தெளிவாகச் சொல்லக்கூடாதா என்று கேட்டேன். "எங்க ஊரு பேர்ல இன்னொரு ஊரு இருக்கும்னு எனக்கு யாருண்ணே சொன்னா?" என்றார்.

செல்வம் வீடு

பட்டினச்சேரி மீனவர் ஊர். படகைத் தள்ளும்போது கால் முறிந்து ஒருவர் கிடப்பதாகத் தகவல், பெயர் செல்வம். செல்வம் வீடு எது என்று விசாரித்து, முதலில் கை காட்டிய வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். சைரனை அணைக்கக்கூட இல்லை. மீன் கழுவிக்கொண்டிருந்த பெண் எழுந்து பார்த்தாள், கையிலிருந்த சட்டி நழுவி விழுந்தது. அவள் புருஷன் பெயரும் செல்வம். கடலுக்குப் போனவன், முந்தின நாளே திரும்பியிருக்க வேண்டும். அவள் அழவில்லை, வண்டியின் பின்கதவையே பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே யாரும் இல்லையம்மா என்று நான் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. கலா கதவை விரியத் திறந்து காலி ஸ்ட்ரெச்சரைக் காட்டிய பிறகுதான், மணலில் உட்கார்ந்தாள்.

எங்கள் செல்வம் அடுத்த தெருவில் இருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது அந்தப் பெண் ரோட்டில் நின்று வண்டியை மறித்தாள். இன்ஜின் கோளாறில் தங்கிவிட்ட படகு கரைக்கு வந்துகொண்டிருப்பதாகப் போன் வந்துவிட்டதாம். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன், ஆனால் நிதானமாகத்தான் சொன்னாள்: "ஆளு கடல்ல இருக்கற வூட்டு வாசல்ல வண்டிய நிறுத்தாதீங்கண்ணே. தள்ளி நிறுத்திட்டு, நடந்து வந்து கேளுங்க."

வராத ஆள்

அதிலிருந்து தெருமுனையில் நிறுத்திவிட்டுத்தான் விசாரிக்கிறேன். அப்படி ஒரு நாள் டவுனில் முஸ்லிம் தெரு ஒன்றின் முனையில் நின்றோம். நாகூர் தர்கா பக்கத்திலேயே இருப்பதால் இங்கே வீட்டுக்கு ஒருவருக்கு அந்த மகானின் பெயர், சாகுல் ஹமீது. "சாகுல் ஹமீது பேசுறேன், நெஞ்ச அடைக்கிது, வூட்ல யாரும் இல்ல" என்று தெருப் பெயரை மட்டும் சொன்ன மனிதர், அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை. கலா தெரு நடுவில் நின்று சாகுல் ஹமீது யாருங்க என்று கத்தினாள். கதவுகள் திறந்தன. கைலியோடு ஒருவர், பேப்பரோடு ஒருவர், பாதி சவரத்தில் சோப்பு நுரையோடு ஒருவர். எல்லோரும் சாகுல் ஹமீது, எல்லோருக்கும் நெஞ்சு நன்றாக இருந்தது. கூட்டத்தில் ஒரு பெரியவர் மட்டும் எங்களைப் பார்க்காமல், வந்து நின்றவர்களை முகம் முகமாகப் பார்த்தார். பிறகு தெருக் கோடியில் திறக்காத ஒரு கதவைக் காட்டினார். அவரால்தான் அன்று ஒரு உயிர் பிழைத்தது. அவர் சொன்னது இவ்வளவுதான்: "நாங்கள்லாம் நடந்து வந்துட்டோம் தம்பி. வராத சாகுலு அங்க இருக்காரு, கதவ ஒடைங்க."

கோவிந்தசாமிக்கு மூச்சு இழுக்குது

நெடுங்காட்டுக் கோவிந்தசாமி எங்களுக்குப் பழக்கமானவர். வயல்காரர், இழுப்பு நோய். பனி நாளில் அவரை அடிக்கடி ஏற்றி இறக்கியிருக்கிறோம். அன்று போன் செய்தது பக்கத்து வீட்டுப் பெண். "கோவிந்தசாமிக்கு மூச்சு இழுக்குதுங்க, ஒதடெல்லாம் நீலமா இருக்கு, ஓடியாங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். வண்டி கிளம்பும்போதே கலா மருந்தைப் புகையாக்கித் தரும் கருவியின் குழாயில் பெரிய மாஸ்க்கை மாட்டி, மருந்தை ஊற்றித் தயாராக வைத்தாள். குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க் காலையில் ஒரு கேஸுக்குப் போட்டுக் கழுவக் கிடந்தது. ஆபீஸில் இன்னொன்று இருந்தது, கிழவருக்கு அது எதற்கு என்று எடுக்கவில்லை.

வாய்க்கால் மதகைத் தாண்டித் திரும்பினால், வாசலில் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தவர் சாட்சாத் கோவிந்தசாமி. சத்தியமாக ஒரு நொடி எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த நொடி அவர் பின்னாலிருந்து மருமகள் ஓடிவந்தாள், தோளில் குழந்தை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம்தானே. மாமனார் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று மருமகள் அவனை ராசா என்றுதான் கூப்பிடுவாள். எத்தனையோ தடவை வந்தும் அவனுக்கு வேறு பெயர் உண்டென்று எங்களுக்குத் தெரியாது. தெருவுக்கு அவனும் கோவிந்தசாமி.

கலா மாஸ்க்கை வைத்தாள், அது கண்ணையும் சேர்த்து மூடியது. அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்து, கையாலேயே சுற்றி அழுத்திப் பிடித்தாள். ஓரளவு பொருந்தியது. டவுனுக்கு வரும் வழியெல்லாம் வேகத்தடை, ஒவ்வொன்றுக்கும் கலாவின் கை நழுவியது. பின்னால் பார்க்கக்கூடாது என்று நினைத்தும் கண்ணாடியில் பார்த்தேன். ஒவ்வொரு மூச்சுக்கும் பிள்ளையின் விலா உள்ளே இழுத்துக்கொண்டு போனது. "தூங்க விடாதீங்க, பேரச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருங்க" என்றாள் கலா. மருமகள் குழந்தையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். பெரியவர்தான் குனிந்து, "டேய் கோவிந்தசாமி, கண்ண மூடாதடா. கோவிந்தசாமி, என்னப் பாருடா" என்று தன் பெயரைத் தானே கூப்பிட்டுக்கொண்டு வந்தார். ஒரு மனிதர் தன் பெயரைச் சொல்லி அப்படிக் கெஞ்சி நான் கேட்டதில்லை. எனக்குக் கண் கலங்கி ரோடு மங்கிவிட்டது. மழையில்லாத நாளில் நான் வைப்பரைப் போட்டதாகக் கலா பிற்பாடு ஊரெல்லாம் சொன்னாள், நான் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஆஸ்பத்திரியில் குழந்தையை உள்ளே கொண்டுபோனார்கள். நாங்கள் வெளியே நின்றோம். வெகுநேரம் கழித்து உள்ளேயிருந்து வீலென்று ஓர் அலறல் கேட்டது. மூச்சு இல்லாத பிள்ளையால் அப்படி அலற முடியாது. மருமகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். இவ்வளவு நேரம் நிமிர்ந்து நின்ற பெரியவருக்கு இப்போது இழுப்பு ஆரம்பித்திருந்தது. கலா அவரைப் பிடித்து பெஞ்சில் உட்காரவைத்து, அந்தப் பெரிய மாஸ்க்கை எடுக்க ஓடினாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, இருக்கிற மூச்சில் என்னிடம் சொன்னார்: "எம் பேர வச்சிக்கிட்டு எனக்கு முந்திப் போவப் பாத்தான் தம்பி, வுட்டுருவனா?"

ஆகவே பிள்ளைக்கு யார் பெயரை வேண்டுமானாலும் வையுங்கள், ஆம்புலன்ஸுக்குப் போன் செய்யும்போது மட்டும் பெயருக்கு முன்னால் வயதைச் சொல்லிவிட்டால் உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.